இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்று, முழங்கையை யார் பார்த்தார்கள்?

சென்ற ஆண்டு ஒரு மாலை, 14 மாத ஆண் ஜெர்மன் ஷெப்பர்ட் ஒன்றை அதன் உரிமையாளர் என்னிடம் அழைத்து வந்தார். வேறோர் இடத்தில் எடுத்த இடுப்பு எக்ஸ்ரேயைக் கைப்பேசியில் படம்பிடித்து வைத்திருந்தார். வலது மூட்டு நன்றாக இருக்கிறது, இடது மூட்டில் ஹிப் டிஸ்பிளேசியா, அதாவது இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளரும் கோளாறு இருக்கிறது, இனச்சேர்க்கைக்கு விட வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். நாயோ வாசலிலிருந்து மேசை வரை ஒரு தயக்கமும் இல்லாமல் நடந்து வந்தது.

அந்தப் படத்தில் நான் முதலில் பார்த்தது மூட்டுகளை அல்ல. இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதியில் இருபுறமும் முட்டை வடிவில் இரண்டு துளைகள் உண்டு. நாய் நேராக மல்லாந்து படுத்திருந்தால் அவை இரண்டும் ஒரே அளவில் தெரியும், மேலே உள்ள இடுப்பெலும்பு இறக்கைகளும் ஒரே அகலத்தில் இருக்கும். இந்தப் படத்தில் ஒரு துளை அகன்றும் மற்றது ஒடுங்கியும் இருந்தன. அதாவது, நாய் மல்லாந்து படுத்திருந்ததே தவிர நேராகப் படுத்திருக்கவில்லை. இடுப்பு சற்றே ஒரு பக்கம் சாய்ந்தாலும் போதும், ஒரு மூட்டின் கிண்ணம் (தொடையெலும்பின் தலை அமரும் குழி) உண்மையில் உள்ளதைவிட ஆழமாகவும் மற்றது மேலோட்டமாகவும் படத்தில் விழும். ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட நாய்கள் உண்மையிலேயே உண்டு. ஆனாலும் ஒரு மூட்டு அருமை, மற்றது மோசம் என்று யாராவது சொன்னால், நாயைச் சந்தேகிப்பதற்கு முன் படத்தைச் சந்தேகிப்பதே என் வழக்கம்.

முறையான படத்தில் முழு இடுப்பும் இரண்டு பின்னங்கால் முட்டிகளும் அடங்கியிருக்க வேண்டும். தொடையெலும்புகள் ஒன்றுக்கொன்று இணையாக நீட்டப்பட்டு, முட்டிச் சில்லுகள் தொடையெலும்பின் நடுவில் விழும்படி கால்கள் உட்புறமாகத் திருப்பப்பட்டிருக்க வேண்டும். 35 கிலோ எடையுள்ள, வேலைக்குப் பழக்கிய ஒரு நாயை விழித்த நிலையில் இப்படிப் படுக்க வைப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். நடந்தாலும், இறுகிய தசைகள் மூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அதன் தளர்ச்சி படத்தில் தெரியாமல் போகலாம். மயக்க மருந்து என்றதும் உரிமையாளர்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. ஆனால் ஆரோக்கியமான இளம் நாய்க்கு, முன்பரிசோதனை செய்து குறைந்த நேரத்துக்குக் கொடுக்கும் மயக்கத்தைவிட, தவறான படத்தை நம்பி எடுக்கும் முடிவே எனக்குப் பெரிய அபாயமாகத் தோன்றுகிறது. பெட்டை நாயாக இருந்தால் பருவக் காலத்திலும், சினையாக இருக்கும்போதும், பால் கொடுக்கும் மாதங்களிலும் தரமிடுவதற்கான படத்தைத் தவிர்ப்பது நல்லது; ஹார்மோன்களால் மூட்டு தற்காலிகமாகத் தளர்ந்து காட்டக்கூடும்.

படம் சரியாக இருந்தால்தான் மூட்டைப் படிக்கத் தொடங்க வேண்டும். தொடையெலும்பின் தலை உருண்டையாக இருக்கிறதா, அதில் பாதிக்குக் குறையாமல் கிண்ணத்துக்குள் அமர்ந்திருக்கிறதா, இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி சீராக இருக்கிறதா, எலும்பின் கழுத்தில் புதிய எலும்புக் கோடு ஏதேனும் படிந்திருக்கிறதா என்று பார்ப்போம். இரண்டு தலைகளின் மையங்களையும் ஒரு கோட்டால் இணைத்து, ஒவ்வொரு மையத்திலிருந்தும் கிண்ணத்தின் முன்விளிம்புக்கு இன்னொரு கோடு வரைந்தால் கிடைப்பது நார்பெர்க் கோணம். அது 105 பாகை அல்லது அதற்கு மேல் இருப்பது நல்ல அடையாளம். சாய்ந்த படத்தில் இந்தக் கோணமும் சாய்ந்தே வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதற்குப் பிறகு வரும் தரவரிசையில்தான் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பன்னாட்டு நாய் வளர்ப்புக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யின் முறையில் ஏ முதல் இ வரை ஐந்து தரங்கள். ஏ மிகச் சிறந்தது. 1966-இல் தொடங்கிய அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. அமைப்பு ஏழு நிலைகளாகப் பிரிக்கிறது, இறுதிச் சான்றை 24 மாதம் நிறைந்த பிறகே தருகிறது. பிரிட்டனில் ஒவ்வொரு இடுப்புக்கும் ஒன்பது அம்சங்களைப் பார்த்து 0 முதல் 53 வரை மதிப்பெண் இடுகிறார்கள். இரண்டும் சேர்த்து 106 வரை போகலாம். பரீட்சை மதிப்பெண் போல அதிகமாக இருந்தால் நல்லது என்று நினைத்து மகிழ்ந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அங்கே மதிப்பெண் கூடக் கூட மூட்டு மோசம். ஜெர்மனியின் ஷெப்பர்ட் சங்கம் வழங்கும் 'ஏ ஸ்டாம்ப்' இன்னும் குழப்பமானது. அதில் இயல்பு, ஏறத்தாழ இயல்பு, இன்னும் அனுமதிக்கத்தக்கது என்று மூன்று படிகள் உண்டு. மூன்றாவது படி எஃப்.சி.ஐ.யின் ஏ தரத்துக்கு அல்ல, சி தரத்துக்கே இணையானது. ஆகவே "தகப்பன் நாய் ஏ ஸ்டாம்ப்" என்று பிரீடர் சொன்னால், அந்த ஸ்டாம்புக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வேண்டும். கேட்பதில் தவறில்லை, நேர்மையான பிரீடர் சான்றிதழையே எடுத்துக் காட்டுவார்.

அந்த நாய்க்கு மயக்கம் கொடுத்து மீண்டும் படம் எடுத்தோம். இரண்டு இடுப்புகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன; என் கணிப்பில் எஃப்.சி.ஐ. முறையின் பி தரம். இது என் கருத்து மட்டுமே, அதிகாரபூர்வத் தரம் அல்ல என்பதை அறிக்கையிலும் எழுதினேன். உரிமையாளர் நிம்மதியாக மூச்சுவிட்டார். ஆனால் மயக்கம் தெளியுமுன் இரண்டு முழங்கைகளையும் மடக்கிப் பக்கவாட்டில் படம் எடுத்திருந்தேன். அவர் கேட்காதது அது.

சரிந்த முதுகும் தாழ்ந்த பின்பகுதியும் கண்ணை ஈர்ப்பதால், ஷெப்பர்ட் என்றதும் எல்லோரும் பின்னங்கால்களையே பார்க்கிறார்கள். ஆனால் நாயின் உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாங்குவது முன்னங்கால்கள். சுவரைத் தாண்டிக் குதிக்கும் பணிநாய் தரையிறங்குவதும் அவற்றின் மேல்தான். முழங்கை டிஸ்பிளேசியா என்பது ஒரே நோயும் அல்ல. ஷெப்பர்டில், முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்றான அல்னாவின் கொக்கு போன்ற மேல்முனை ஏறத்தாழ 20 வாரத்துக்குள் தண்டோடு ஒட்டாமல் தனித்து நின்றுவிடலாம். லாப்ரடாரிலும் ராட்வெய்லரிலும் அதே எலும்பின் உட்புறச் சிறுமுனை விரிசல் விட்டு உடைவதே அதிகம். குருத்தெலும்பு உரிவது இன்னொரு வகை, எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் வளர்வது மற்றொன்று.

உடைந்த சிறுமுனை சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் நேரடியாகத் தெரியாது, அதற்கு சி.டி. ஸ்கேன் வேண்டும். எனவே எக்ஸ்ரேயில் நாம் தேடுவது நோயை அல்ல, அதன் தடயத்தை. முழங்கையை நன்றாக மடக்கினால்தான் அந்தக் கொக்கு முனையின் மேல்விளிம்பு மற்ற எலும்புகளால் மறைக்கப்படாமல் தெரியும், மூட்டுத் தேய்மானத்தின் முதல் எலும்பு முளை பெரும்பாலும் அங்கேதான் கிளம்பும். 1989-இல் உருவான பன்னாட்டு முழங்கைப் பணிக்குழுவின் அளவுகோல்படி, முளை 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் முதல் தரம், 2 முதல் 5 வரை இரண்டாம் தரம், அதற்கு மேல் மூன்றாம் தரம். கொக்கு முனை ஒட்டாமல் நின்றால் முளையை அளக்கவே வேண்டாம், நேராக மூன்றாம் தரம்தான்.

இந்த நாயின் வலது முழங்கையில் 2 மில்லிமீட்டருக்கும் குறைவான முளை ஒன்று இருந்தது. இடது முழங்கையிலும் அதே இடத்தில் விளிம்பு சற்று மழுங்கியிருந்தது.

"இது ஒருநாளும் நொண்டவே இல்லையே, டாக்டர்" என்றார் அவர். நொண்டாதது உண்மைதான். இரண்டு முன்னங்கால்களும் ஏறக்குறைய ஒரே அளவில் வலித்தால், நாய் எந்தக் காலைக் காத்து எந்தக் காலில் சாயும்? அப்படிப்பட்ட நாய் நொண்டுவதில்லை. அடியைக் குறுக்கிக்கொள்ளும், பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி நிற்கும், மாடிப்படி இறங்க யோசிக்கும். அவரிடம் கேட்டபோது, சில மாதங்களாக வண்டியிலிருந்து தானாகக் குதிக்காமல் இறக்கிவிடச் சொல்லி நிற்கிறது என்றார். செல்லம் அதிகமாகிவிட்டது என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள்.

முதல் தர முழங்கை உள்ள நாயை இனச்சேர்க்கைக்கு விடலாமா என்பதில் நாட்டுக்கு நாடு விதி வேறுபடுகிறது. சி.டி. எடுத்துத் தெளிவாகும்வரை விட வேண்டாம், அதே ஈற்றில் பிறந்த குட்டிகளின் முழங்கைகளையும் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கும் கோளாறு இது; ஒரு நாயின் படத்தைவிட உடன்பிறந்தவற்றின் படங்களும் சேர்ந்து அதிகம் சொல்லும். உணவுக்கும் இதில் பங்கு உண்டு. 48 லாப்ரடார் குட்டிகளை இணைகளாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 25 சதவீதம் குறைவாக உணவளித்துச் செய்த நீண்ட ஆய்வில், குறைவாக உண்ட குழுவில் இடுப்பு டிஸ்பிளேசியா கணிசமாகக் குறைந்திருந்தது. இவரது நாய் நான்கு கிலோ கூடுதலாக இருந்ததால் முதலில் எடைக் குறைப்பைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

எக்ஸ்ரேக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நாயின் மைக்ரோசிப் எண், படம் எடுத்த தேதி, இடது வலது குறியீடு ஆகியவை எடுக்கும்போதே படத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பிறகு பேனாவால் எழுதிய படத்தை எந்தத் தரநிர்ணய அமைப்பும் ஏற்காது. வீடு திரும்பும்போது அச்சிட்ட ஃபிலிமோடு நின்றுவிடாமல் டைகாம் வடிவிலான மூலக் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விளக்குப் பெட்டியின் மேல் வைத்துக் கைப்பேசியில் எடுத்த படத்தில் 2 மில்லிமீட்டர் முளையை என்னால் அளக்க முடியாது.