1081 மேடம் 12: இது எந்த வருடம்?

நாஞ்சில் நாட்டில் ஒரு பழைய வீட்டு மரப்பெட்டிக்கு முதல்முறை பட்டியல் போட்டபோது நான் செய்த தவறு இது. பெட்டி நிறைய ஒற்றிப் பத்திரங்கள், பாகப்பிரிவினை, வரி ரசீதுகள், ஒரு கல்யாணச் செலவுக் கணக்கு. எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றினேன். தேதிக்கான பத்தியில், தாளில் இருந்தபடியே ‘1081 மேடம் 12’ என்று தட்டினேன். பிறகு வசதியாக இருக்கட்டுமே என்று வருடத்தை மட்டும் தனிப் பத்தியாகப் பிரித்தேன். சில மாதம் கழித்து ஓர் ஆய்வு மாணவர் போன் செய்தார்: “சார், பதினோராம் நூற்றாண்டுப் பத்திரம் காகிதத்துல இருக்குன்னு போட்டிருக்கீங்களே, நிஜமாவா?”

1081 என்பது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு. மேடம் என்பது நம் சித்திரை. நம் கணக்கில் 1906 ஏப்ரல். குமரிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் திருவிதாங்கூர்ப் பக்கம்தானே இருந்தன. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய தாள்களில் பெரும்பாலும் மலையாள ஆண்டுதான் இருக்கும். ஆனால் கணினிக்கு 1081 என்றால் வெறும் 1081. அது எந்த ஆண்டுக் கணக்கு என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

அப்படிச் சொல்வதற்கென்றே ஆவணக் காப்பகத்துக்காரர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பெயர் ஈ.ஏ.டி. (Encoded Archival Description). ஒரு தொகுப்பில் என்ன இருக்கிறது, யாருடையது, எப்படி வந்தது, எந்தக் கட்டில் எது என்று சொல்லும் விவரப் பட்டியலை எக்ஸ்.எம்.எல். என்ற கணினி முறையின் குறிகளால் எழுதுவது. 1993-ல் அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் இதற்கான வேலை தொடங்கியது. முதல் பதிப்பு 1998-ல் வந்தது, அடுத்தது 2002-ல், மூன்றாவது 2015-ல். நான் புழங்குவது 2002 பதிப்பு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், திறந்து பார்த்தால் சாதாரண எழுத்துக் கோப்புதான். நோட்பேடிலேயே படிக்கலாம்.

என் தவறைத் திருத்திய வரி இதுதான். நிஜக் கோப்பில் குறிகள் ஆங்கில எழுத்தில் இருக்கும், இங்கே ஓசைக்குத் தமிழில் தருகிறேன்:

<யூனிட்டேட் காலண்டர்="கொல்லம்" நார்மல்="1906-04">1081 மேடம் 12</யூனிட்டேட்>

குறிகளுக்கு நடுவே இருப்பது தாளில் உள்ளது. அதில் கை வைக்கக் கூடாது. ‘நார்மல்’ என்பதில் இருப்பது கணினி தேடவும் வரிசைப்படுத்தவும். ‘காலண்டர்’ என்பதைக் காலியாக விட்டால், 2002 பதிப்பு அதை கிரிகோரியன் (இப்போது புழங்கும் ஆங்கில நாட்காட்டி) என்றே எடுத்துக்கொள்ளும். குமரிப் பத்திரங்களுக்கு இது பெரிய கண்ணி. நாம் எதுவுமே எழுதாமல் விட்டாலும் அது ஒரு பொய்யை எழுதிவிடுகிறது!

மாற்றும் கணக்கு எளிது. தென் திருவிதாங்கூரில் ஆண்டு பிறப்பது ஆவணி ஒன்றில், அதாவது சிங்ஙம். அன்றிலிருந்து டிசம்பர் 31 வரை 824 கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து ஆடி முடியும்வரை 825. சிக்கல் தனு (மார்கழி) மாதத்தில்தான். அது டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிவதால், தேதியைப் பார்க்காமல் கூட்டினால் ஒரு வருடம் பிசகிவிடும். மாதமே இல்லாமல் வெறும் 1081 என்றிருந்தால் 1905/1906 என்று இரண்டையும் போட்டுவிடுவேன். நாள் கணக்கை நான் மாற்றுவதில்லை. ஒன்றிரண்டு நாள் தவறாகப் போடுவதைவிட மாதத்தோடு நிறுத்துவது மேல்.

அடுத்தது கட்டு. அந்த வீட்டில் பாட்டா ஒருவர் இருந்தார். நான் முதல் கட்டின் சரட்டில் கை வைத்ததுமே சொன்னார்: “அவுத்தா அதே மாதிரி கெட்டி வச்சிரணும், கேட்டியா மக்கா. அது எங்க அப்பா கெட்டுனது.” ஆவணப் படிப்பில் ‘மூல ஒழுங்கு’ என்று ஒரு பாடமே உண்டு. பாட்டா அதை ஒரே வரியில் முடித்துவிட்டார். ஒரு புரையிடத்தின் (வீட்டுமனையின்) ஒற்றிப் பத்திரமும், அதை மீட்ட ரசீதும், அதன் பேரில் நடந்த வழக்கின் நகலும் ஒரே கட்டில் இருந்தால், அந்தக் கட்டே ஒரு சாட்சி. எல்லாவற்றையும் அவிழ்த்துத் தேதிவாரியாக அடுக்கினால் பார்க்க அழகாக இருக்கும், சாட்சி போய்விடும்.

எக்செல்லில் இதைக் காட்ட முடியாமல் திணறினேன். அங்கே எல்லாமே வரிசை வரிசையாகத்தான் கிடக்கும். ஈ.ஏ.டி.யில் குறிக்குள் குறி போகலாம்: வீட்டுத் தொகுப்புக்குள் பெட்டி, பெட்டிக்குள் கட்டு, கட்டுக்குள் தாள். மேல்நிலையில் ஒருமுறை சொன்னதைக் கீழே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டி எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு, யார் காலத்தில் வந்தது என்று எழுதவும் தனிக் குறி உண்டு. பாட்டா சொன்னதெல்லாம் அதில் போனது.

எழுத்துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதில்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது. ஓரிடத்தில் எனக்குக் காட்டிய ஓலைப் பட்டியல், பல வருட வேலை, பழைய எழுத்துருவில் தட்டியது. புதுக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக நின்றது. இன்று தொடங்குபவர்கள் யூனிகோடைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். அதிலும் கவனம் வேண்டும். ஔவையின் ‘ஔ’வை ஒ, ள என்று இரண்டாகத் தட்டினால் தேடலில் சிக்காது. தமிழ் எண் ‘௧’ போட வேண்டிய இடத்தில் ‘க’ என்று தட்டினாலும் அதே கதை. பழைய பின்னக் குறிகள் 2019-ல்தான் யூனிகோடில் சேர்ந்தன, பல போன்களில் இன்னும் வெறும் கட்டமாகத்தான் தெரியும். அதனால் குறியோடு ‘மா’, ‘காணி’ என்று எழுத்திலும் எழுதிவிடுகிறேன்.

சரி, இவ்வளவு பாடு எதற்கு? நம் மாவட்டத்தின் தாள்கள் ஒரே இடத்தில் இல்லை. திருவிதாங்கூர் அரசுப் பதிவுகள் திருவனந்தபுரத்தில். லண்டன் மிஷன்காரர்கள் இங்கிருந்து எழுதிய கடிதங்கள் லண்டன் சோவாஸ் நூலகத்தில், பெட்டி பெட்டியாக. அழகியபாண்டிபுரத்து முதலியார் வீட்டு ஓலைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவர கவிமணி ஒருவர் வேண்டியிருந்தது. எல்லா வீட்டுக்கும் கவிமணி வரப்போவதில்லை. தாள்களை ஒன்று சேர்க்க முடியாது, பட்டியல்களைச் சேர்க்கலாம். ஒரே முறையில் எழுதியிருந்தால்தான் அதுவும் நடக்கும்.

மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ‘ஆட்டம்’ (AtoM) என்று இலவச மென்பொருள் ஒன்று உண்டு, படிவத்தை நிரப்பினால் ஈ.ஏ.டி.யாகவே இறக்கித் தரும். அதுவும் பாரம் என்றால் எக்செல்லிலேயே தொடங்குங்கள், ஆனால் தாளில் உள்ள தேதிக்கு ஒரு பத்தி, மாற்றிய தேதிக்கு ஒரு பத்தி, கட்டு எண்ணுக்கு ஒரு பத்தி கட்டாயம். பிறகு மாற்றிக்கொள்ளலாம். வீட்டுக்காரர் வெளியே தெரிய வேண்டாம் என்று சொல்லும் வழக்கு, கடன் விவரங்களை ‘உள்ளுக்கு மட்டும்’ என்று குறித்துவைக்கவும் வழி இருக்கிறது. அதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

போன மாதம் பாட்டா போன் செய்தார். மேலாங்கோட்டுப் பக்கத்து வயலின் ஒற்றிப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். தேடி, “ஏழாம் கட்டு, நாலாவது தாள், பாட்டா” என்றேன்.

“அது எனக்குத் தெரியும் மக்கா. உனக்குத் தெரியுமாண்ணுதான் கேட்டேன்.”