பக்கவிளைவா, பின்விளைவா?

சித்தப்பாவுக்குக் கன்னத்தின் உட்புறம் புற்றுநோய். அறுவை முடிந்து ‘கரண்ட்’ வைக்கச் சொன்னார்கள். முதல் நாள் மருத்துவமனையில் ஒரு துண்டுத்தாள் கொடுத்தார்கள். தலைப்பு, ‘கதிரியக்க சிகிச்சையின் பின்விளைவுகள்’. கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “பின்விளைவுதானடா, எல்லாம் முடிஞ்ச பின்னாடி பாத்துக்கலாம்” என்றார்.

வாரம் ஐந்து நாளாக மொத்தம் 30 நாள். மூன்றாம் வாரமே வாயெல்லாம் புண். மோர் விட்டுக் குழைத்த சோறுகூட எரிந்தது. பின்னால் வரவேண்டியது நடுவிலேயே வந்துவிட்டதால் சிகிச்சையில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி, இரண்டு நாள் போகாமல் வீட்டிலேயே படுத்துவிட்டார். தலை, கழுத்துப் புற்றுநோயில் இப்படி நாள் விடுவது மிச்சமிருக்கும் புற்றணுக்கள் மறுபடி பெருக வழிவிடுவதாகும். அந்தத் தலைப்பு தின்ற இரண்டு நாள்கள் அவை.

சரி, சொல்லுக்கு வருவோம். விளைவு, ‘விளை’ என்ற வினையிலிருந்து வந்தது. பக்கம், வடமொழி பக்ஷத்தின் வழி வந்ததென்பார் ஒரு சாரார். ‘பகு’ என்ற வேரிலிருந்து என்பார் சொல்லாராய்ச்சி செய்த தேவநேயப் பாவாணரின் வழியினர். அந்தச் சண்டை இங்கே வேண்டாம். இரண்டையும் சேர்த்துப் ‘பக்கவிளைவு’ என்றது ஆங்கிலத்தின் ‘சைடு எஃபெக்ட்’டைப் பார்த்துத்தான். மறுக்கவில்லை.

அதற்குப் பதில் ‘பின்விளைவு’ என்றே எழுத வேண்டும் என்னும் பின்விளைவுக்காரர்கள் பிடித்துக்கொள்வதும் இதைத்தான். பக்கவிளைவு வெறும் நகல், பின்விளைவோ நம் பேச்சிலேயே இருப்பது என்கிறார்கள். இருக்கிறது, எங்கே இருக்கிறது? “பின்விளைவுகள் கடுமையாக இருக்கும்” என்று மேடையில் விரல் நீட்டி எச்சரிக்கும் இடத்தில் இருக்கிறது. அதை நோயாளி கையில் கொடுத்தால் மிரட்டல் கடிதம் மாதிரி இருக்காதா? நகல் என்பதற்காகவே ஒரு சொல்லைத் தள்ள வேண்டியதும் இல்லை. தமிழ்க் காதுக்கு அது என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். பக்கவாத்தியம் என்கிறோம். அது பாட்டோடு கூடவே வாசிப்பது. கச்சேரி முடிந்து ஜமுக்காளம் சுருட்டிய பிறகு வாசிப்பதல்ல.

இன்னொரு வாதமும் வைத்திருக்கிறார்கள். கதிர் பட்ட அன்றே புண் வருவதில்லையே, சில நாள் கழித்துத்தானே வருகிறது, அப்போது ‘பின்’ சரிதானே என்பார்கள். கதிரியக்கத்தைக் கண்டுபிடித்த பெக்கெரல் 1901இல் ரேடியக் குழாயைச் சட்டைப்பையில் வைத்துத் திரிந்தபோதும் தோல் சிவக்கச் சில நாள் ஆனது உண்மைதான். ஆனால் எந்த விளைவுதான் காரணத்துக்குப் பின்னால் வராமல் இருக்கிறது? காய்ச்சல் மாத்திரை போட்டுக் காய்ச்சல் விட்டால் அதுவும் பின்விளைவா?

கதிர்வீச்சில் பக்கம் என்பது உருவகம்கூட இல்லை, நேர்ப்பொருள். கதிர் புற்றணுவின் டிஎன்ஏவை அறுக்கும்போது, போகும் வழியிலும் பக்கத்திலும் இருக்கும் நல்ல சதையையும் அறுக்கிறது. நல்ல உயிரணு தன்னைச் செப்பனிட்டுக்கொள்வதில் கெட்டிக்காரன். அதற்கு அவகாசம் கொடுக்கத்தான் 60 கிரேயை (கிரே என்பது கதிர் அளவின் அலகு) ஒரேயடியாகப் பாய்ச்சாமல் நாளைக்கு 2 கிரே என்று பிரித்து வைக்கிறார்கள். வாயின் உட்தோல் ஓயாமல் உதிர்ந்து புதுசாக வளர்வது. வளர்ச்சி அடிபட்டு உதிர்வு மட்டும் தொடர்ந்தால் இரண்டு மூன்று வாரத்தில் புண். பக்கத்து வீட்டில் இருந்ததற்காக வாங்கிய அடி.

பின்விளைவு என்ற சொல்லை நான் ஒழிக்கச் சொல்லவில்லை. அதற்கு வேறு வேலை இருக்கிறது. சிகிச்சை தொடங்கி 90 நாளுக்குள் வருவதை ஒரு வகையாகவும், அதற்குப் பிறகு மாதங்கள், வருடங்கள் கழித்துத் தலைகாட்டுவதை வேறு வகையாகவும் மருத்துவர்கள் பிரிப்பது வழக்கம். கழுத்துச் சதை நார்போல இறுகுவது, வாய் முழுசாகத் திறக்காமல் போவது, தாடை எலும்பு செத்துப்போவது எல்லாம் இரண்டாம் வகை. சொத்தைப் பல்லைக் கரண்ட் வைப்பதற்கு முன்பே பிடுங்கிவிடுவது இதனால்தான். ஐந்து வருடம் கழித்துத் தெருமுனைப் பல் மருத்துவரிடம், கதிர் பட்ட தாடை என்று சொல்லாமல் பல்லைப் பிடுங்கிக்கொண்டால் அந்தக் குழி ஆறாமலே போகலாம். இதுதான் பின்விளைவு. வாய்ப்புண்ணுக்கே அந்தப் பெயரைச் செலவழித்துவிட்டால் இதை என்னவென்று சொல்வது? ‘நீண்டகாலப் பின்விளைவு’ என்று ஒட்டுப்போடுகிறார்கள்.

அதே தாளில் ‘கதிரியக்க சிகிச்சை’ வேறு. கதிரியக்கம் என்பது ஒரு பொருள் தானாகவே கதிரை உமிழ்வது. கதிரியக்கக் கோபால்ட் வைத்த இயந்திரத்துக்கு அப்படிச் சொன்னாலும் பொருந்தும். சித்தப்பாவுக்கு வைத்தது மின்சாரத்தால் எலெக்ட்ரானை முடுக்கி எக்ஸ்-கதிர் எடுக்கும் இயந்திரம். சுவிட்சை அணைத்தால் கதிர் நின்றுவிடும். அதற்குக் ‘கதிர்வீச்சு’ என்பதே சரி. ‘கரண்ட்’ என்கிற சனங்கள் மொழிபெயர்ப்பாளரைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

அப்புறம், ‘ஆரோக்கியமான திசுக்கள் பாதிப்புக்குள்ளாகின்றன’ என்று ஒரு வரி. ‘நல்ல சதையும் புண்ணாகும்’ என்றால் குடியா முழுகிவிடும்?

கடைசி நாளன்று அந்தத் தாளில் பேனாவால் திருத்தி வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டு வந்தேன். போன மாதம் மறுபரிசோதனைக்குப் போனபோது புதுத்தாள் அடித்திருந்தார்கள். பின்விளைவை எடுத்துவிட்டார்கள். தலைப்பு, ‘கதிரியக்க சிகிச்சையின் எதிர்மறைத் தாக்கங்கள்’.