எண்ணெய் பிள்ளை சமைத்தது, காரம் தாய் தந்தது

ஒரு முழுக் கடுகை நாக்கின்மேல் வைத்துப் பாருங்கள். எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் காரம் தெரியாது. நறுக்கென்று கடித்த பிறகும் முதல் நொடியில் லேசான கசப்புதான் வரும். மூக்கில் ஏறும் அந்த நெடி அதற்கடுத்துதான் வருகிறது. அந்தச் சின்னத் தாமதத்துக்குள் ஒரு வேதிவினை நடந்து முடிகிறது. கடுகுக்குள் காரம் இருப்பில் இல்லை. கடிபட்ட பிறகு, கடித்தவரின் வாயிலேயே அது தயாராகிறது.

விதையின் செல்களில் குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மம் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதை உடைக்கக்கூடிய மைரோசினேஸ் என்ற நொதி வேறு செல்களில் தனியே அடைபட்டிருக்கிறது. விதை முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. பூச்சியின் தாடையோ நம் பல்லோ செல்சுவரை நசுக்கி, சிறிது ஈரமும் சேர்ந்தால் போதும். நொதி வேலையைத் தொடங்கி ஐசோதயோசயனேட் என்ற எரிச்சலூட்டும் பொருளைப் பிறப்பிக்கிறது. விதையைத் தின்ன வருபவருக்காகச் செடி வைத்திருக்கும் பொறி அது.

அதே விதையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு எண்ணெய். மனிதனுக்கு அந்த எண்ணெய் வேண்டும்; பிழிந்த பிறகு மிஞ்சும் பிண்ணாக்கும் கால்நடைக்கு வேண்டும். குறுக்கே நிற்பது அந்தப் பொறி. எண்ணெயும் காரமும் ஒரே விதைக்குள் இருந்தாலும் இரண்டும் ஒரே கையால் வந்தவை அல்ல. எண்ணெயை உருவாக்குவது விதைக்குள் இருக்கும் முளைக்கரு, அதாவது பிள்ளை. குளுக்கோசினோலேட்டைப் பெரும்பாலும் தாய்ச்செடிதான் தன் திசுக்களில் உருவாக்கி விதைக்குள் அனுப்பி வைக்கிறது. கடுகின் உறவான ரேப்சீடு என்ற எண்ணெய்வித்துப் பயிரை மனிதர் மாற்றியதில் எது எளிதாக நடந்தது, எது கடினமாக இருந்தது என்பது இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் விளங்கிவிடும்.

முதலில் எண்ணெய் எதற்கு? ஆயிரம் விதைகளை நிறுத்தால் பெரும்பாலும் 2 முதல் 5 கிராம்தான் இருக்கும். மண்ணைத் துளைத்து வெளியே வந்து பச்சை இலை விரிக்கும்வரை நாற்றுக்கு வேண்டிய எல்லா ஆற்றலும் இந்த நுண்ணிய உருண்டைக்குள் அடங்க வேண்டும். ஒரு கிராம் மாவுச்சத்து ஏறத்தாழ 4 கிலோகலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 தரும். இடம் குறைவான விதை கொழுப்பைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. அந்தக் கொழுப்பு விதைக்குள் குளமாகத் தேங்கியிருப்பதில்லை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துளிகளாக, ஒவ்வொன்றும் ஒலியோசின் என்ற புரதப் போர்வையோடு, ஒன்றோடொன்று ஒட்டாமல் விதையிலைகளில் நெருங்கிக் கிடக்கிறது. முளைக்கும் நாளில் நொதிகள் சுலபமாகத் தொட்டு உடைக்க இந்தச் சிறு துளிகள்தான் வசதி.

வளரும் பருவத்தில் காயைப் பிளந்து பார்த்தால் முளைக்கரு பச்சையாக இருக்கும். காய்ச்சுவர், விதையுறை எல்லாம் தாண்டி உள்ளே கசியும் மங்கலான ஒளியையும் அது பயன்படுத்திக்கொள்கிறது. தாய் அனுப்பும் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றும்போது கரியமில வாயு வெளியேறும். அதில் ஒரு பகுதியை இந்தப் பச்சைக் கரு மறுபடியும் பிடித்துக் கொழுப்பாக்கிவிடுகிறது. கடுகளவு என்று அற்பத்துக்கு அடையாளமாகச் சொல்லிவிடுகிறோம். இத்தனை சிக்கனமான ஓர் ஆலையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கடுகும் ரேப்சீடும் நெருங்கிய உறவினர்கள். 1935ஆம் ஆண்டு, ஜப்பானில் பிறந்த கொரியத் தாவரவியலாளர் வூ ஜாங்-சூன் இந்த உறவை ஒரு முக்கோணமாக வரைந்து காட்டினார். மூன்று மூலைகளில் மூன்று ஆதி இனங்கள்: 10 இணை குரோமோசோம் கொண்ட டர்னிப் இனம், 8 இணை கொண்ட கருங்கடுகு, 9 இணை கொண்ட முட்டைகோஸ் இனம். இவை இரண்டிரண்டாகக் கலந்து, இரு பெற்றோரின் குரோமோசோம்களையும் முழுமையாக வைத்துக்கொண்டு புதிய இனங்களாயின. டர்னிப்பும் கருங்கடுகும் சேர்ந்து 18 இணை கொண்ட பழுப்புக் கடுகு. டர்னிப்பும் முட்டைகோஸும் சேர்ந்து 19 இணை கொண்ட ரேப்சீடு. தனித்தனி இனங்கள் கலந்தும் புதிய இனம் பிறக்கும் என்பதற்கு அது வலுவான சான்றாக அமைந்தது.

வயலுக்கு வருவோம். விதை சிறியது என்பதால் ஆழத்தில் போட்டால் சேமிப்பு தீர்வதற்குள் மேலே வர முடியாது. 2 அல்லது 3 சென்டிமீட்டர் ஆழம் போதும். மண் பொடியாக, ஈரமாக இருக்க வேண்டும். குளிர்ந்த பருவமே இதற்கு ஏற்றது. ரேப்சீட்டின் குளிர்கால வகைகள் இலையுதிர் காலத்தில் விதைக்கப்பட்டு, தரையோடு படர்ந்த இலைக்கொத்தாகப் பனிக்காலத்தைக் கழிக்கும். பல வாரக் குளிரை அனுபவித்தால்தான் அவை தண்டு விட்டுப் பூக்கும். கடுகுக்கு அந்த நிபந்தனை இல்லை. பூக்கும் நேரத்தில் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரண்டுமே பூவை உதிர்த்துவிடும். காய் நிரம்பும் காலம் குளிர்ந்து நீண்டால் எண்ணெய் கூடும். வெயில் அவசரப்படுத்தினால் குறையும்.

உரங்களில் கந்தகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். குளுக்கோசினோலேட்டிலும் விதைப்புரதத்திலும் கந்தகம் இருப்பதால் மற்ற பல பயிர்களைவிட இது அதிகமாகக் கேட்கும். பற்றாக்குறை வந்தால் ரேப்சீட்டின் மஞ்சள் பூக்கள் வெளிறிப்போகும். வயலோரத்தில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். பூச்சிகளில் அசுவினி பெரிய எதிரி. அது காரப் பொறியில் சிக்குவதில்லை. திசுவை மெல்லாமல் ஊசி போன்ற வாயால் சாற்றை மட்டும் உறிஞ்சுவதால் அடைபட்ட நொதி வெளிவர வாய்ப்புக் குறைவு. கடுகு அசுவினி ஒருபடி மேலே போய், உறிஞ்சிய குளுக்கோசினோலேட்டைத் தன் உடலில் சேர்த்து வைத்துக்கொண்டு, தன்னைத் தின்ன வருபவர்கள்மீதே அதைப் பயன்படுத்துகிறது.

பூ முடிந்ததும் இலைகள் உதிரத் தொடங்கும். அதன்பின் பச்சைக் காய்களின் சுவரே பெருமளவு ஒளிச்சேர்க்கை செய்து விதைகளுக்கு ஊட்டுகிறது. ஊட்டி வளர்த்த அதே காய்தான் கடைசியில் விதையை வீசி எறிகிறது. காய் முற்றி நெற்றானதும் இரு பக்கத் தோடுகளும் உலர்ந்து விறைத்துக்கொள்ளும். அவற்றை நடுச்சட்டத்தோடு பிணைத்திருக்கும் மெல்லிய செல் வரிசையை நொதிகள் கரைத்துவிடும். ஒரு காற்றோ ஓர் உரசலோ போதும், தோடுகள் தெறித்துத் திறந்து விதை சிதறும். ஆகவே எல்லாக் காயும் காயட்டும் என்று காத்திருக்க முடியாது. முன்கூட்டியே அறுத்தால் பச்சையம் மாறாத விதை கலந்து, எண்ணெய் பச்சை நிறம் ஏறிச் சீக்கிரம் சிக்கடித்துவிடும். விதைகள் நிறம் மாறத் தொடங்கிய பக்குவத்தில் அறுத்து, வயலிலேயே வரிசையாகக் கிடத்தி உலரவிடுவது பழக்கமான வழி. ஈரம் 8 அல்லது 9 சதவீதத்துக்கு இறங்கினால்தான் சேமிக்கலாம். இல்லையென்றால் விதை மூச்சுவிட்டுச் சூடேறிக் கெட்டுவிடும்.

ஆலையில் விதையை நசுக்கிச் சூடாக்குகிறார்கள். நசுக்கும்போது துளிகளின் போர்வை கிழிந்து எண்ணெய் ஒன்றுசேர்கிறது. சூடு மைரோசினேஸைச் செயலிழக்கச் செய்கிறது. அழுத்திப் பிழிந்த பிறகும் ஒட்டியிருக்கும் எண்ணெயைப் பெரிய ஆலைகள் ஹெக்ஸேன் என்ற கரைப்பானால் கழுவி எடுக்கின்றன.

இங்கேதான் பழைய ரேப்சீடு இரண்டு சிக்கல்களைக் கொண்டுவந்தது. அதன் எண்ணெயில் ஏறத்தாழ பாதி எரூசிக் அமிலம்: 22 கார்பன் நீளமுள்ள கொழுப்பமிலம். நீராவி இயந்திரங்களுக்கு அது அருமையான மசகு. நீரும் நீராவியும் பட்டாலும் உலோகத்தைவிட்டு விலகாது. இரண்டாம் உலகப்போரில் கப்பல் இயந்திரங்களுக்காகவே கனடா இதைப் பெருமளவில் பயிரிட்டது. போர் முடிந்த பின், அதிக எரூசிக் எண்ணெய் ஊட்டிய எலிகளின் இதயத்தசையில் கொழுப்புப் படிந்ததை ஆய்வுகள் காட்டின. மனிதருக்கும் அதே கேடு உண்டு என்று நிறுவப்படவில்லை என்றாலும் உணவெண்ணெயாக அது கேள்விக்குள்ளானது. இன்னொரு பக்கம், பிண்ணாக்கில் தங்கிய குளுக்கோசினோலேட் கால்நடைகளின் தைராய்டு சுரப்பியைப் பாதித்தது.

கனடாவில் கீத் டவுனி, பால்டர் ஸ்டெஃபான்சன் என்ற இரு பயிர் இனவிருத்தியாளர்கள் இதில் இறங்கினார்கள். எண்ணெய் பிள்ளையுடையது என்ற உண்மை டவுனிக்குக் கைகொடுத்தது. முளைத்த ஒரு விதையின் இரு விதையிலைகளில் ஒன்றை மட்டும் வெட்டியெடுத்து, அந்தத் துணுக்கின் கொழுப்பமிலங்களை வாயு நிறப்பிரிகைக் கருவியில் அளந்தார்கள். எரூசிக் குறைவு என்று தெரிந்தால், மிச்சமிருக்கும் பாதி நாற்றை மண்ணில் வளர்த்தார்கள். ஒரு விதையைச் சோதிக்கவும் வேண்டும், உயிரோடு காக்கவும் வேண்டும் என்ற முரணுக்கு இதைவிட அழகான தீர்வை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. 1968இல் ஓரோ என்ற குறைந்த எரூசிக் ரகம் வந்தது.

காரத்தில் இந்தக் குறுக்குவழி பலிக்கவில்லை. ஒரு விதையில் உள்ள குளுக்கோசினோலேட் அந்த விதையின் மரபைச் சொல்லாது. அதைச் சுமந்த தாயின் மரபையே சொல்லும். எனவே ஒவ்வொரு செடியையும் காய்க்கும்வரை வளர்த்து, அதன் விதைகளைச் சோதித்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். போலந்தின் பிரனோவ்ஸ்கி என்ற ரகத்தில் குளுக்கோசினோலேட் இயல்பாகவே குறைவாக இருந்தது 1960களில் தெரியவந்தது. அதன் மரபைக் கலந்து, இரண்டும் குறைந்த டவர் ரகத்தை ஸ்டெஃபான்சன் 1974இல் வெளியிட்டார். இத்தகைய ரகங்களுக்குப் பின்னர் கனோலா என்று பெயர் வந்தது. இன்று அந்தப் பெயருக்கு எண்ணெயில் எரூசிக் 2 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும்.

எரூசிக் அமிலம் ஒரேயடியாக ஒழிக்கப்படவில்லை. அதிலிருந்து செய்யப்படும் எரூக்கமைடு, பிளாஸ்டிக் பைகளின் இரு ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கித் திறக்க உதவுகிறது. அதற்காகவே உயர் எரூசிக் ரகங்கள் இன்னும் பயிராகின்றன. அவற்றை உணவு ரகங்களிலிருந்து தள்ளி வைத்தே வளர்க்க வேண்டும். எண்ணெயைப் பிள்ளை தீர்மானிப்பதால், அயல் மகரந்தம் விழுந்த விதையின் எண்ணெய் அடுத்த தலைமுறைவரை காத்திராமல் அந்தப் பருவத்திலேயே மாறிவிடுகிறது. வயல்களைத் தள்ளி வைத்தாலும் தெறித்து விழுந்த விதைகள் இருக்கின்றன. உழவில் மண்ணுக்கடியில் புதைந்த ரேப்சீடு விதை இருட்டில் உறங்கிப்போய், பல ஆண்டுகள் கழித்துக்கூட முளைக்கும். உயர் எரூசிக் ரகம் ஒருமுறை விளைந்த நிலத்தில் உணவு ரகத்தை விதைத்தவர், தாம் விதைக்காத செடிகளையும் சேர்த்தே அறுக்க நேரிடும்.