புனர்வாழ்வு: சொல் சரி, போய்ச் சேர்ந்த இடம் வேறு

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா. அவருடைய பதினேழு வயது மகன் 'ஐஸ்' என்ற போதைப்பொருள் பழக்கத்தில் விழுந்துவிட்டான். சிங்களத்தில் பேசிய அதிகாரி சொல்வதை நான்தான் அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். "தம்பியைப் புனர்வாழ்வுக்கு அனுப்பச் சொல்லினம் அம்மா" என்றதும் அவர் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, அவன் ஒரு இயக்கத்திலயும் இருக்கேல்லையே!"

அதிகாரி சொன்னது 'புனருத்தாபன'. அதற்கு நேரான தமிழைத்தான் நான் போட்டேன். ஆனால் அந்த அம்மாவின் காதில் அது வேறு எங்கோ போய் இறங்கியது.

முதலில் சொல்லின் பிறப்பு. 'புனர்' வடமொழி, 'மறுபடி' என்று பொருள். புனர்ஜென்மம், புனர்நிர்மாணம், புனருத்தாரணம் எல்லாம் அந்தக் குடும்பம். 'வாழ்வு' தமிழ். ஆக, இது கலப்புச் சொல். சிங்களச் சொல்லோ முழுக்க வடமொழி: மறுபடி எழுப்பி நிறுத்துதல். எழுதும்போது இரண்டு சுழி 'ன' என்பதை மறக்கக் கூடாது. மூன்று சுழி போட்டுப் 'புணர்வாழ்வு' என்று எழுதிய பதாகையைக் கண்டிருக்கிறேன். அது வேறு விடயம்!

இதற்கு மூலமான ஆங்கிலச் சொல் ரிஹாபிலிட்டேஷன். அதன் அடியில் இருப்பது 'ஹாபிலிஸ்' என்ற லத்தீன் சொல்: கையாள ஏற்றது, தகுதியானது. அதில் வாழ்வும் இல்லை, சாவும் இல்லை. பறிபோன பதவியையோ உரிமையையோ நற்பெயரையோ ஒருவருக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் ஐரோப்பாவில் அந்தச் சொல்லின் பழைய வேலை. உடம்பு, மனம், பழக்கம் என்று அது இறங்கி வந்தது பிற்பாடுதான். முதலாம் உலகப் போரில் காயப்பட்டு வந்த படையினரை மறுபடி வேலைக்குத் தகுதியாக்கும் முயற்சிகளோடு அந்தப் பொருள் பரவியது.

இலங்கையில் 'புனர்வாழ்வு' நடந்து வந்த பாதை இதைவிடச் சுவாரசியமானது. கொஞ்சம் கசப்பானதும்கூட. 1987ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஓர் அதிகாரசபை, ஆட்களுக்கும் ஆதனங்களுக்கும் கைத்தொழில்களுக்கும் புனர்வாழ்வு அளிக்க வந்தது. எரிந்த கடை, உடைந்த வீடு, அதற்கு நட்டஈடு. அந்தக் காலத்தில் புனர்வாழ்வு என்றால் அடிபட்டவருக்குக் கிடைக்கிற உதவி. போர் முடிந்த 2009க்குப் பிறகு சொல் ஆள் மாறியது. சரணடைந்தவர்களும் பிடிபட்டவர்களுமாகப் பன்னிரண்டாயிரம் பேரளவில் முகாம்களுக்குப் போய் வந்தார்கள். 'புனர்வாழ்வு பெற்ற முன்னாள் போராளி' என்பது செய்திகளில் ஒருவருடைய பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் அடைமொழியானது. இன்று அதே சொல் போதைப் பழக்கத்துக்கு வந்து நிற்கிறது. பாதிக்கப்பட்டவர், சந்தேகிக்கப்பட்டவர், பழக்கத்துக்கு அடிமையானவர் என்று மூன்று பேருக்கும் ஒரே சொல். கொட்டாஞ்சேனை அம்மா பயந்ததில் பிழையில்லை. அவர் அறிந்தது நடுவில் உள்ளவரை.

போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் என்றே 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தானாக விரும்பிப் போகவும் வழியுண்டு, கட்டாயப்படுத்தி அனுப்பவும் வழியுண்டு. கொழும்புக்குப் பக்கத்தில் தலங்கமவில் ஒரு சிகிச்சை நிலையம் இருக்கிறது. பொலன்னறுவைப் பக்கம் கந்தக்காடு முகாமும் இருக்கிறது. 2022இல் நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினார்கள் என்று செய்தி வந்ததே, அதே கந்தக்காடுதான். இரண்டு இடத்துக்கும் பெயர் புனர்வாழ்வு நிலையம் என்றால், பிள்ளையை எங்கே அனுப்பப்போகிறோம் என்று தாய்க்கு எப்படித் தெரியும்?

சரி, தனித்தமிழில் என்ன சொல்லலாம்? தமிழ்நாட்டில் 'மறுவாழ்வு' என்கிறார்கள். 2021இல் அங்கே இலங்கை அகதிகள் முகாம்களின் பெயரையே மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். நல்ல சொல்தான். ஆனால் 'மறு' என்றால் களங்கமும்கூட. முழு நிலவிலும் மறு உண்டு என்போம். அதைவிட என்னை உறுத்துவது, 'மறுவாழ்வு கொடுத்தார்' என்ற பேச்சில் எப்போதும் கொடுப்பவர்தான் பெரியவர். வாங்குபவரின் முதல் வாழ்வு முடிந்துபோனதாகவும் அது சொல்கிறது. பதினேழு வயதுப் பையனுக்கு எந்த வாழ்வு முடிந்தது? இன்னும் தொடங்கவே இல்லை. இழந்ததை மீட்பது ஒன்று, முதன்முறையாகத் திறனை வளர்ப்பது இன்னொன்று என்று மாற்றுத்திறனாளிகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 26ஆம் உறுப்புரை இரண்டு சொல் வைத்திருக்கிறது. நம்மிடம் ஒன்றுதான்.

எங்கள் பக்கத் தமிழுக்கு 'மீள்' பிடிக்கும். மீள்குடியேற்றம், மீள்பரிசீலனை என்று சரளமாக வரும். கட்டிளமைப் பருவத்தினருக்கு 'மீளிணைப்பு' பொருந்தும் என்பது என் கட்சி. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயமும் 39ஆம், 40ஆம் உறுப்புரைகளில் பிள்ளை சமூகத்தோடு மீண்டும் இணைவதைத்தான் பேசுகிறது. இது நடக்கவேண்டிய இடம் முகாம் அல்ல, பிள்ளை திரும்பி வருகிற ஒழுங்கையும் பள்ளிக்கூடமும் என்பது சொல்லிலேயே இருக்கிறது. தங்கியிருந்து பெறும் சிகிச்சைக்கு 'வதிவிடச் சிகிச்சை' போதும். வதிவிடப் பயிற்சி என்று ஏற்கெனவே சொல்லிப் பழகிவிட்டோம். 'சீர்திருத்தம்' மட்டும் வேண்டாம். குழப்படி செய்கிற பிள்ளை பழுதான இயந்திரம் இல்லை.

ஆனால் இதெல்லாம் அன்றைக்கு வாயில் வரவில்லை. "இயக்கக் கதை இல்லை அம்மா. அங்க தங்கி நிண்டு, அந்தப் பழக்கத்தை விட்டுட்டு வீட்டுக்கு வாறது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் கேட்டார்: "ஞாயிற்றுக்கிழமையில போய்ப் பார்க்க விடுவினமோ?"