லேயர்: அடுக்கா, படலமா, தளமா?

கியூஜிஐஎஸ் போன்ற நிலப்பட மென்பொருளை வகுப்பில் திறந்ததும் மாணவர் காதில் விழும் முதல் சொல் லேயர். ஆறுகள் ஒரு லேயர், சாலைகள் ஒரு லேயர், கிணறுகள் ஒரு லேயர். ஒரே வகைப் பொருள்களின் இருப்பிடத்தையும் விவரங்களையும் சேர்த்து வைத்த தொகுப்பு அது. திரையில் தெரியும் கோடும் புள்ளியும் அதன் தோற்றம் மட்டுமே. உள்ளே இருப்பது அட்டவணை. சாலை லேயரில் ஒரு வரிசை என்றால் ஒரு சாலை. செயற்கைக்கோள் படம் போன்றவை மட்டும் அட்டவணையாக இல்லாமல் சிறு கட்டங்களின் பரப்பாக இருக்கும்.

ஆங்கிலத்தில் 'லே' என்ற வினைக்குக் கிடத்து, பரப்பி வை என்று பொருள். அதிலிருந்து வந்த 'லேயர்' முதலில் கல் வைத்துக் கட்டும் ஆளைக் குறித்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பரவிய படிவு என்ற பொருள் பின்னால் வந்தது.

தமிழில் மூன்று சொற்கள் போட்டியிடுகின்றன. தளம் என்றால் இணையதளத்தோடு குழம்பும். படலம் கீழிருப்பதை மூடும் மெல்லிய போர்வை. கண்ணில் படலம் விழுந்தால் பார்வை மறைகிறது. நிலப்பட லேயரோ பொருள் இல்லாத இடத்தில் கீழிருப்பதைக் காட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் தேர்வு அடுக்கு. அடு, அடுத்து, அடுத்த என்று வரும் வேரில் பிறந்த சொல். வினையாகவும் நிற்கும், பெயராகவும் நிற்கும்.

இலக்கண வகுப்பே இதற்குச் சான்று தருகிறது. 'பாம்பு பாம்பு' என்ற அடுக்குத்தொடரைப் பிரித்தாலும் ஒவ்வொரு சொல்லும் பொருள் தரும். 'சலசல' என்ற இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் போய்விடும். நிலப்பட அடுக்கும் அப்படித்தான்: தனியே எடுத்தாலும் பொருள் தர வேண்டும். ஆற்றையும் சாலையையும் ஒரே கோட்டு அடுக்கில் கலந்து வரையும் மாணவரிடம் இதைச் சொன்னால் சட்டென்று பிடிபடுகிறது. சொல்லாக்கமும் எளிது: அடியடுக்கு (பின்னணி நிலப்படம்), மேலடுக்கு, அடுக்குப் பலகம் (அடுக்குகளின் பட்டியல் தெரியும் பகுதி), புள்ளி அடுக்கு.

ஓரிடத்தில் மட்டும் இந்தச் சொல் வழி தவறச் செய்யும். பலகத்தில் மேலே உள்ள அடுக்கு திரையில் மேலே வரையப்படும். அதனால் நிலப்பரப்பு அடுக்கை மேலே இழுத்துவிட்டால் கிணறுகள் மறைந்துபோகும். ஆனால் அந்த வரிசை வரைவதற்கு மட்டும்தான். வெள்ளப் பகுதிக்குள் எத்தனை கிணறு என்று எண்ணச் சொன்னால், எது மேலே எது கீழே என்பதை மென்பொருள் பார்ப்பதில்லை. கண் குறியை அணைத்து மறைத்த அடுக்கையும் அது கணக்கிடும்.

முதல் பயிற்சிக்குப் பள்ளி வளாகத்து மரங்கள் போதும். விரிதாளில் மர எண், வகை, சுற்றளவு, அட்சரேகை, தீர்க்கரேகை என ஐந்து பத்திகள். 20 மரம் எடுத்தால் ஒரு பாடவேளைக்குச் சரி. கைபேசி ஜிபிஎஸ் திறந்த வானத்தின் கீழேயே சுமார் 5 மீட்டர் வரை பிசகும். மரத்தடியில் இன்னும் கூடும். ஆகவே நெருங்கி நிற்கும் மரங்களைத் தவிர்க்கவும். பாகைகளைத் தசமத்துக்குப் பின் 5 இலக்கம் எழுதினால் சுமார் 1 மீட்டர் நுணுக்கம். விரிதாள் தானாக 2 இலக்கமாகச் சுருக்கிவிட்டால் நுணுக்கம் 1 கிலோமீட்டர் அளவுக்குப் போய், 20 மரமும் ஒரே புள்ளியில் குவியும். கோப்பை யூடிஎஃப்-8 என்ற எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கத்தில் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக்கோப்பாக) சேமித்தால்தான் தமிழ்ப் பெயர்கள் சிதையாது.

கோப்பைச் சேர்க்கும்போது எக்ஸ் புலத்தில் தீர்க்கரேகை, ஒய் புலத்தில் அட்சரேகை. நாம் வாயால் சொல்லும் வரிசை நேர்மாறு என்பதால் இங்கே பிழை அதிகம். லண்டனை மாற்றிக் கொடுத்தால் நிலநடுக்கோட்டருகே இந்தியப் பெருங்கடலில் விழும், உடனே தெரிந்துவிடும். கெய்ரோவை (30.04 வடக்கு, 31.24 கிழக்கு) மாற்றிக் கொடுத்தால் அலெக்சாண்டிரியாவுக்குப் பக்கத்தில் விழும், நகரம் போலவே தெரிவதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதனால் புள்ளியின் இடத்தை அடியடுக்கோடு ஒப்பிட்டே பார்க்க வேண்டும்.

அடுத்த சிக்கல் அலகு. இந்தப் புள்ளி அடுக்கு இபிஎஸ்ஜி:4326 என்ற குறியெண் கொண்ட, அட்சரேகை தீர்க்கரேகை வழியிலான ஆய முறையில், பாகையில் இருக்கும். ஒவ்வொரு மரத்தையும் சுற்றி 10 மீட்டர் வட்டம் போட நினைத்து 10 என்று கொடுத்தால், மென்பொருள் 10 பாகை, அதாவது ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர், என்று எடுத்துக்கொள்ளும். திரை முழுதும் ஒரே நிறமாகிவிடும். மீட்டர் வேண்டுமென்றால் உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையில், அந்த இடத்துக்குரிய மண்டலத்துக்கு அடுக்கை மாற்றிப் புதிய கோப்பாகச் சேமிக்க வேண்டும். 'செட் லேயர் சிஆர்எஸ்' (சிஆர்எஸ் என்றால் ஆய முறை) கட்டளையால் இது நடக்காது. அது அடுக்கின் மேலுள்ள பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றும், எண்கள் அப்படியே இருக்கும். மரங்கள் வேறெங்கோ போய் நிற்கும். அப்படி ஆகிவிட்டால் அதே கட்டளையால் 4326-க்குத் திருப்பி, பிறகு 'எக்ஸ்போர்ட்' வழியே முறையை மாற்றிச் சேமிக்கவும்.