கரி பட்ட இடத்தில்தான் உளி படும்

18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், குறிப்பாக லங்காஸ்டர் பக்கம் குடியேறிய ஜெர்மானியக் கைவினைஞர்கள் செய்த நீண்ட ரைஃபிள்களைப் பார்த்தால் முதலில் கண்ணை இழுப்பது பித்தளைதான். மேப்பிள் கட்டையில் பதித்த பித்தளைத் தகடுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையாது. நம்மூர் நாட்டுத் துப்பாக்கி மாதிரி, குழலின் வாய் வழியாகவே மருந்தையும் குண்டையும் போட்டு இடிகோலால் கெட்டிக்கிற வகை இது. இந்த இறுக்கத்தை அழகுக்காகச் செய்ததென்று நினைப்பவர்கள் உண்டு. அழகு பாதிதான் காரணம்.

மீதி, சுடும்போது உலோகம் மரத்தைத் தள்ளும் வேகம். கொஞ்சம் கணக்குப் போடலாம். அரை அங்குலத் துளையுள்ள குழலுக்கான ஈயக் குண்டு ஏறக்குறைய 11.5 கிராம் இருக்கும். விநாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். குழல் நீளம் 42 அங்குலம். குண்டு அதற்குள் ஓடும் நேரம் விநாடியில் ஆயிரத்தில் நான்கு பங்குதான். அந்த நொடிப்பொழுதில் குழல் பின்னோக்கித் தள்ளப்படும் விசையின் சராசரி சுமார் 135 கிலோ எடைக்குச் சமம். உச்சத்தில் இதைவிடப் பல மடங்கு போகும். ஆனால் குழலின் கனமே ஒரு பங்கை வாங்கிக்கொள்வதால் அத்தனையும் மரத்துக்கு வராது. அதனால் மரத்துக்கு வருவது தோராயமாக 135 என்றே எடுத்துக்கொள்வோம்.

குழலின் பின்முனை மூன்று சதுர சென்டிமீட்டர் மரத்தில் சமமாகப் படிந்திருந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 45 கிலோ. மரத்துக்கு அது பெரிய விஷயமே இல்லை. அதே முனை ஒரு சின்ன மேட்டில் மட்டும், பத்தில் ஒரு பங்கு பரப்பில் தொட்டுக்கொண்டிருந்தால்? 450 கிலோ. நன்கு காய்ந்த கெட்டி மேப்பிள் இழைவாக்கில் தாங்குவதே 550 கிலோ அளவுக்குத்தான். அலை அலையாக இழை ஓடும் அழகான கட்டையென்றால் அதுவும் குறையும். திரும்பத் திரும்பச் சுடும்போது அந்த மேடு நசுங்கும். அப்புறம் குழலின் வால், அதாவது பின்முனையிலிருந்து நீளும் பட்டை, தன்னைக் கட்டையோடு பிணைக்கும் திருகாணியைத் தள்ளும். திருகாணி ஆப்பாக மாறிக் கட்டையின் மிக மெலிந்த இடமான கழுத்தைப் பிளக்கும்.

சரி, உலோகம் எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்று எப்படித் தெரியும்? உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. இதற்குப் பழைய வழி விளக்குப் புகை. உலோகத்தின் அடிப்பக்கத்தைப் புகையும் சுடரில் காட்டினால் மெல்லிய கரி படியும். அதைக் குடைவில் வைத்து மரச் சுத்தியலால் லேசாகத் தட்டி எடுத்தால், தொட்ட இடத்தில் மட்டும் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கும். பல் மருத்துவர் வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லி, எந்தப் பல் உயரம் என்று பார்ப்பாரே, அதே வேலைதான். புள்ளி விழுந்த இடத்தை மட்டும் உளியால் சுரண்ட வேண்டும். மறுபடி கரி, மறுபடி தட்டு. முதலில் இரண்டு மூன்று புள்ளிகள், பிறகு தீவுகள், கடைசியில் அடிப்பரப்பு முழுக்க ஒரே சாம்பல் பூச்சு. ஒரு தட்டலுக்கு மரம் இழப்பது தலைமுடி கனம்கூட இருக்காது. அவசரப்பட்டு வெள்ளையாக இருக்கும் இடத்தைச் செதுக்கினால் அங்கே நிரந்தரமாகப் பள்ளம்.

ஓரங்களுக்கு ஒரு நுணுக்கம் உண்டு. தகட்டின் பக்கங்களை நேர்க்குத்தாக விடாமல், அடிப்பக்கம் இம்மியளவு சிறுத்திருக்கும்படி அராவுவார்கள். அப்போதுதான் அது இறங்க இறங்க இடைவெளி தானாக மூடும்.

வேலையில் ஒரு வரிசையும் இருக்கிறது. முதலில் குழல். பிறகு லாக், அதாவது சிக்கிமுக்கிக் கல்லை அடித்து மருந்தைப் பற்றவைக்கும் பொறி. அதன் கிண்ணத்தில் பற்றும் நெருப்பு, குழலின் பக்கத்துத் துளை வழியாக உள்ளே போக வேண்டும் என்பதால் அதன் இடத்தைக் குழல்தான் தீர்மானிக்கும். விரலால் இழுக்கும் விசை, அதைச் சுற்றிய காப்பு வளையம், தகடுகள் எல்லாம் அதற்குப் பின்னால். லாக்கின் முன் திருகாணிதான் தலைவலி. குழலுக்கும் அதன் அடியில் ஓடும் இடிகோல் துளைக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் மரம்தான் மிஞ்சும், திருகாணியோ அதைவிடப் பருமன். குழலின் அடியிலோ திருகாணியின் இடுப்பிலோ கொஞ்சம் அராவி வழி பண்ணுவார்கள்.

எல்லாமே இறுக்கமாக இருந்தாலும் ஆபத்துதான். லாக்கின் தகடு மரத்தில் கச்சிதமாக உட்கார வேண்டும், ஆனால் உள்ளே இருக்கும் வில்லோ நெம்போ மரத்தை உரசவே கூடாது. உரசினால் கல் வேகமாக அடிக்காது, பொறி பறக்காது. மழைக்காலத்தில் மரம் ஊதினால் இன்னும் மோசம்.

குழலைக் கட்டையோடு பிணைக்கும் ஊசிகள் விஷயமும் இப்படித்தான். குழலின் அடியில் இருக்கும் காதுகள் வழியாக அவை குறுக்கே போகும். குழல் 50 டிகிரி சூடேறினால் நீளம் அரை மில்லிமீட்டருக்குமேல் கூடும். மரமோ நீளவாக்கில் அசையவே அசையாது என்று சொல்லலாம். நான்கு இடத்தில் இறுக்கிப் பிணைத்தால் ஒன்றையொன்று வளைக்கப் பார்க்கும், குறி நகரும். அதனால் காதின் ஓட்டையை வட்டமாக விடாமல் நீளவாக்கில் இழுத்து விடுவது நல்ல வேலைக்காரரின் அடையாளம்.

குறுக்குவாக்கில் கதை வேறு. பச்சை மேப்பிள் முழுக்க உலரும்போது நீளத்தில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு சுருங்கினால், ஆண்டு வளையத்தின் போக்கில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை சுருங்கும். பல ஆண்டுகள் உலர்த்திய கட்டையைத்தான் எடுப்பார்கள். இருந்தும் அந்தப் போக்கு முழுக்க நிற்காது. தோளில் பதியும் பித்தளைத் தகட்டையும் மரத்தையும் சேர்த்தே அரத்தால் அராவி ஒரே மட்டமாக்கியிருப்பார்கள். இருநூறு வருடம் கழித்துப் பித்தளை அப்படியே இருக்கும், மரம் சற்று உள்வாங்கியிருக்கும். பழைய துப்பாக்கியில் அந்த விளிம்பில் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். ஆனால் பின்னால் யாரோ உப்புத்தாள் போட்டு மரத்தை மட்டும் தேய்த்திருந்தாலும் இதே மேடு வரும் என்பதால், இதை மட்டும் நம்பிப் பழமைக்கு விலை பேசக் கூடாது.