குப்பை வண்டி வராத வாரமும் பில் வரும்

பக்கத்து வீட்டு ஆயாவுக்கு எழுபத்திரண்டு வயது. மூன்று வாரமாகக் குப்பை வண்டி வரவில்லை, கறுப்புப் பைகள் கேட்டருகே புழுத்துக் கிடந்தன. வராத வண்டிக்கு எதற்குப் பணம் என்று சொல்லி, முனிசிபாலிட்டி பில்லில் குப்பைக் கட்டணத்தை மட்டும் கழித்துவிட்டு மீதியை ஒவ்வொரு மாதமும் கட்டிவந்தார். நாலாவது மாதம் ப்ரீபெய்டு கரண்டுக்கு டோக்கன் (மீட்டரில் போடும் எண்) வாங்கக் கடைக்குப் போனால் மெஷின் டோக்கன் தரவில்லை. கணக்கில் பாக்கி என்று வந்தது. "கரண்டுக்கு நான் ஒரு சென்ட் பாக்கி வைத்ததில்லையே" என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார். கவுன்ட்டரில் இருந்தவர் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன், ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா எங்கே இருந்தாலும் இந்தக் கதை நடக்கும். காரணம் 2000ஆம் ஆண்டு முனிசிபல் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 102ஆம் பிரிவு. ஒருவர் பெயரில் உள்ள எல்லாக் கணக்குகளையும் முனிசிபாலிட்டி ஒன்றாகச் சேர்க்கலாம், நீங்கள் கட்டும் பணத்தை அதில் எந்தக் கணக்கிலும் வரவு வைக்கலாம். "இது கரண்டுக்கு, இது தண்ணீருக்கு" என்று நீங்கள் மனதில் பிரித்துக் கட்டியதெல்லாம் உங்கள் மனதோடு சரி. குப்பைப் பாக்கிக்குக் கரண்டில் கை வைப்பது இப்படித்தான்.

ஆனால் அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது, அதைக் கவுன்ட்டரில் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. ஒரு குறிப்பிட்ட தொகையைப் பற்றித் தகராறு இருந்தால், அந்தத் தொகைக்கு இந்த அதிகாரம் செல்லாது. இதில் "குறிப்பிட்ட தொகை" என்ற சொல்தான் உயிர். சாட்ஸ்வொர்த் குரோஃப்ட்டீன் மால் உரிமையாளர்கள் டர்பன் முனிசிபாலிட்டியோடு இதே பிரிவை வைத்து மோதிய வழக்கு 2011இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. எந்தத் தொகை தப்பு என்று சரியாகச் சுட்டிக் காட்டாமல், பொதுவாகத் தகராறு என்று சொன்னால் போதாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு மாலுக்கே அந்தக் கதி என்றால், போனில் சத்தம் போடுகிற நமக்கு?

அதனால் சொல்லாமல் கொள்ளாமல் பணத்தைக் கழித்துக் கட்டாதீர்கள், எழுதுங்கள். கணக்கு எண், எந்த மாதத்து பில், குப்பைக் கட்டணம் வாட் உட்பட எத்தனை ராண்ட், எந்தெந்தத் தேதிகளில் வண்டி வரவில்லை, போனில் புகார் சொன்னபோது கிடைத்த ரெஃபரன்ஸ் நம்பர் எல்லாம் ஒரே பக்கத்தில் வரட்டும். "இந்தத் தொகையை மட்டும் மறுக்கிறேன், மீதியைக் கட்டிவிட்டேன்" என்று கடைசியில் போட்டுக் கையெழுத்து. கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும், பேரனோ பேத்தியோ எழுதித் தரட்டும். ஈமெயில் அனுப்பினால் நகலை வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதி முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். "சிஸ்டத்தில் ஏற்றிவிட்டேன், முத்திரை தேவையில்லை" என்பார்கள். தேவை. அதைக் குத்தாமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். வண்டி வராத வாரத்துக்குக் கட்டணம் தானாகக் கழியும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம், அது கழியாது.

பதில் வராவிட்டால் வார்டு கவுன்சிலரிடம் அதே காகிதத்தின் நகலைக் கொடுங்கள். அதற்கும் மேலே, அரசு அலுவலகங்கள் மீதான புகாரை விசாரிக்கும் பப்ளிக் புரொடெக்டர் இருக்கிறார், அங்கே புகார் கொடுக்கக் காசு கிடையாது. ஆனால் உள்ளூரில் நீங்கள் முயன்ற அத்தாட்சியைத்தான் அங்கே முதலில் கேட்பார்கள்.

அடுத்த பொறி, பில்லில் யார் பெயர் என்பது. நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகள் இன்னும் செத்துப்போன தாத்தா பெயரில்தான் இருக்கின்றன. பில் மாதாமாதம் அவர் பெயருக்கே வருகிறது, நாமும் கட்டிவிடுகிறோம், யாருக்கும் உறுத்துவதில்லை. சலுகை கேட்கப் போகும் நாளில்தான் தெரியும். வயதானவருக்கான தள்ளுபடி என்றாலும் ஏழைக் குடும்பப் பதிவு என்றாலும் முதல் கேள்வி, "கணக்கு உங்கள் பெயரிலா?" இல்லையென்றால் ஹவுசிங் ஆபீஸ் போ என்பார்கள். ஹவுசிங் ஆபீஸில், இறந்தவர்களின் சொத்து விவகாரத்தைப் பார்க்கும் மாஸ்டர் ஆபீஸ் போ என்பார்கள். அங்கே இறப்புச் சான்று, அடையாள அட்டை, வாரிசுகளின் விவரம், எல்லா நகலிலும் போலீஸ் ஸ்டேஷன் முத்திரை. நகல் மூன்று மாதத்துக்கு மேல் பழசானால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஆகவே போவதற்கு முந்தின நாள் முத்திரை வாங்குங்கள். சொத்து மொத்தமும் 250,000 ராண்டுக்குள் என்றால் இறந்தவரின் சொத்தைப் பைசல் செய்யும் அதிகாரக் கடிதத்தை வக்கீல் இல்லாமலே வாங்கலாம். இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள், கொடுக்காதீர்கள். தாத்தா இறந்த வருஷமே இதை முடித்திருந்தால் சின்ன வேலை. இருபது வருஷம் கழித்து, மூன்று வாரிசுகள் ஆஸ்திரேலியாவில் இருக்கும்போது செய்தால் ஒரு யுகம்.

சலுகை கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர்களும் பில்லை ஒருமுறை பாருங்கள். முதியோர் தள்ளுபடி என்று பேசப்படுவது பெரும்பாலும் வீட்டு வரிக்கு மட்டும். குப்பைக் கட்டணம் கீழே முழுசாக நிற்கும். ஏழைப் பதிவில் பெரும்பாலும் உங்கள் பென்ஷனை மட்டும் பார்க்க மாட்டார்கள், வீட்டில் இருக்கும் எல்லாருடைய வருமானத்தையும் கூட்டுவார்கள். மகன் சம்பளத்தை மறைத்துவிட்டுப் பிறகு மாட்டினால் சலுகையும் போகும், பழைய தொகையும் திரும்பக் கேட்பார்கள். பதிவுக்குக் காலாவதியும் உண்டு, முடிந்துவிட்டது என்று யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள். ஜூலை 1இல் புதுக் கட்டணம் வரும், அந்த மாத பில்லை மட்டுமாவது கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

வீடு வாங்கியவர்களுக்கு ஒன்று. முந்தின சொந்தக்காரர் வைத்த பழைய பாக்கியை உங்கள் தலையில் கட்ட முடியாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. ஜோர்டான் வழக்கு என்று பெயர் சொன்னாலே போதும், கவுன்ட்டரில் குரல் இறங்கும்.

பிரிட்டோரியாவில் லாடியம் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. குப்பை எடுக்கத் தனியார் வண்டியை ஏற்பாடு செய்திருப்பவர்கள் மீது பிரிட்டோரியா நகரம் 2025 ஜூலையில் மாதம் 194 ராண்ட் சொச்சம் துப்புரவு வரி போட்டது, அந்த மாதக் கடைசியிலேயே உயர் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. உங்கள் பில்லில் அது விழுந்திருந்தால், திரும்ப வரவு வைத்தார்களா என்று பாருங்கள்.

சரி, பைகளுக்கு வருவோம். டர்பனில் கறுப்புப் பை பொதுக் குப்பைக்கு, ஆரஞ்சு காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும், நிறமில்லாத பை டின்னுக்கும் கண்ணாடிக்கும், நீலம் தோட்டக் குப்பைக்கு. உடைத்த செங்கல், சிமென்டுத் துண்டை எந்த நிறத்தில் கட்டி வைத்தாலும் எடுக்க மாட்டார்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் 240 லிட்டர் சக்கரத் தொட்டி. வீட்டு எண்ணைப் பெயின்டில் பெரிதாக எழுதி வையுங்கள், திருட்டுப் போனால் போலீஸ் கேஸ் நம்பர் இல்லாமல் வேறு தொட்டி பற்றிப் பேச்சே எடுக்க முடியாது. அங்கே பல பகுதிகளில் 2018 ஜூலை முதல் மறுசுழற்சிக் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயம்.

முந்தின இரவே பையை வெளியே வைக்காதீர்கள். டர்பனில் விடியற்காலையில் குரங்கு இறங்கும், பை கிழிந்து சோறும் எலும்பும் தெருவில் பரவும், கிழிந்த பையை ஆட்கள் தொட மாட்டார்கள். பழைய பில்லை அப்படியே போடாமல் கிழித்துப் போடுங்கள், பைகளைத் திறந்து பார்ப்பவர்கள் உண்டு. பாட்டிலையும் அட்டையையும் தனியாக ஓரமாக வைத்தால், பொறுக்கிப் பிழைக்கும் மனிதர் பையைக் கிழிக்காமல் எடுத்துப் போவார்.

ஆடி மாதம், நம் பிள்ளைகள் 'போரிட்ஜ் பிரேயர்' என்று சொல்கிற கூழ் ஊற்றும் நாளுக்குப் பிறகு, வாழை இலை, தேங்காய் மூடியோடு சாம்பிராணிக் கரியையும் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். வெளியே சாம்பல், உள்ளே நெருப்பு. போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு பை தரையில் இருக்கும்போதே உருகி ஓட்டையானது. வண்டிக்குள் போன பிறகு உருகியிருந்தால் வண்டியே பற்றியிருக்கும். கரியில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, மறுநாள் கட்டுங்கள்.